பண்பாடு என்னும் பெயரில் ஒரு வாடகைக் கணக்கு

ஜெர்மனிக்குப் படிக்கவும் பணிபுரியவும் செல்லும் தமிழ் இளைஞர்களுக்கு, அங்கே முன்னரே குடியேறியவர்கள் வழங்கும் அறிவுரையில் ஒரு சொல் ஓயாமல் ஒலிக்கிறது. வாடகைக்குப் பேசிய வீட்டில் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் வெறுஞ்சுவரும் தண்ணீர்க் குழாயின் வாயும் மட்டும் இருந்தால், அது ‘அவர்கள் பண்பாடு’. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து மின்கம்பிகள் தொங்கினால், அதுவும் பண்பாடு. ஓர் அறையைப் பார்க்க மாடிப்படி முழுக்க ஆட்கள் வரிசையில் நின்றாலும், மூன்று மாத வாடகை முன்பணமாகக் கேட்கப்பட்டாலும், எழுதிய நூறு கடிதங்களுக்குப் பதிலே வராவிட்டாலும் பண்பாடு. ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்ற பழமொழி இறுதியில் வந்து உரையாடலை மூடிவைக்கிறது.

இந்த அறிவுரை பெரும்பாலும் நல்லெண்ணத்தில் தரப்படுவதுதான். ஆயினும் அது பொய். மேற்சொன்ன ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சட்டப்பிரிவும் ஒரு வரவுசெலவுக் கணக்கும் இருக்கின்றன. யாரோ ஏற்க வேண்டிய செலவு, கேள்வி கேட்கும் நிலையில் இல்லாத புதியவர் தலையில் இறக்கப்படுகிறது. இறக்கப்பட்டது தெரியாமலிருக்கப் பண்பாடு என்ற சொல் மேலே போர்த்தப்படுகிறது.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம், தமிழர் பெரிதும் திகைத்து நிற்பது அங்கேதான். அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி எதுவுமின்றி வீட்டை ஒப்படைப்பது ஜெர்மனியில் பரவலான நடைமுறை. ஜெர்மானியர் தம் சமையலறையைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்வர், வீடு மாறும்போது கழற்றி உடன் எடுத்துச் செல்வர் என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையான விளக்கம். ஆனால் அந்நாட்டு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவைப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். வாடகைக்கு விட்ட பொருளைப் பயன்படுத்தத்தக்க நிலையில் பேணுவது உரிமையாளரின் கடமை என்கிறது அப்பிரிவு. அடுப்பையும் சேர்த்து வாடகைக்கு விட்டால், அது பழுதாகும் நாளில் செலவு உரிமையாளருடையது. அடுப்பே தராவிட்டால் அந்தக் கடமையும் இல்லை. வெற்றுச் சமையலறை உரிமையாளருக்கு ஆதாயமானது என்ற எளிய உண்மையை எந்த அறிவுரைக் காணொளியும் சொல்வதில்லை.

ஒரே வீட்டில் பதினைந்து ஆண்டுகள் வாழ்பவருக்குத் தன் சமையலறையைத் தானே வாங்குவது நியாயமான ஏற்பாடாக இருக்கக்கூடும். இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்கு வந்தவருக்கோ அது தண்டம். அவர் முன்னாள் குடியிருப்பாளர் விட்டுச்செல்லும் அலமாரிகளை விலைகொடுத்து ஏற்றுக்கொள்கிறார். ‘ஆப்லோஸே’ என்று அதற்குப் பெயர். வெளியேறுபவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கே வீடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், கீறல் விழுந்த அலமாரிக்கும் புது அலமாரியின் விலை பேசப்படுகிறது. பொருளின் மதிப்புக்குக் கண்கூடாகப் பொருந்தாத விலைக்கு அந்த உடன்பாடு செல்லாது என்று வீட்டுத் தரகு பற்றிய சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டத்தைச் சுட்டிக்காட்டுபவரை யார் கைகாட்டப் போகிறார்கள்? வீடு வேண்டுமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காதவருக்கு உரிமை ஏட்டில் மட்டும் இருக்கும்.

வெற்று வீட்டை நிரப்பப் பணமில்லாதவர், அறைகலன்களோடு கூடிய வீட்டை நாடுகிறார். அங்கே வேறொரு பொறி. புதிய ஒப்பந்தங்களின் வாடகை, அப்பகுதியின் ஒப்பீட்டு வாடகையைக் காட்டிலும் பத்து விழுக்காட்டுக்கு மேல் செல்லலாகாது என்ற கட்டுப்பாடு, நெருக்கடி மிகுந்த நகரங்களுக்காக 2015இல் கொண்டுவரப்பட்டது. இப்போது 2029 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தற்காலிகப் பயன்பாட்டுக்கு விடப்படும் வீடுகளுக்கு அது பொருந்தாது என்ற விலக்கு தொடக்கத்திலேயே இருந்தது. 2014 அக்டோபருக்குப் பின் முதன்முறையாகப் பயன்பாட்டுக்கு வந்த கட்டடங்களுக்கும் விலக்கு. அறைகலனுக்காகக் கூட்டப்படும் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் தனியே காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் அன்று வைக்கப்படவில்லை. ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு மிதியடி. இவற்றை உள்ளே போட்டுத் ‘தற்காலிகம்’ என்று எழுதிவிட்டால் வாடகை வேறு உயரத்துக்குப் போய்விடும். அந்த வீடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூர்க்காரருக்கு அது தேவைப்படுவது குறைவு.

ஜெர்மனியின் வாடகைச் சட்டம் உலகில் மிகவும் போற்றப்படும் சட்டங்களுள் ஒன்று. காலவரையற்ற ஒப்பந்தம், தக்க காரணமின்றி வெளியேற்ற முடியாமை, மூன்றாண்டுகளில் இருபது விழுக்காட்டுக்கு மேல், நெருக்கடிப் பகுதிகளில் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வாடகையை உயர்த்தத் தடை. போற்றத்தக்கதுதான். ஆனால் இந்தச் சட்டம் உள்ளே இருப்பவரைக் காக்கும் சட்டம். வெளியே நிற்பவரை அது காப்பதில்லை; சில வேளைகளில் அவர் நிற்கும் வரிசையை நீட்டவும் செய்கிறது. இருபது ஆண்டுகளாகக் குறைந்த வாடகையில் இருக்கும் முதியவர், பிள்ளைகள் வெளியேறிய பின்னும் தம் நான்கறை வீட்டை விடமாட்டார். விட்டால் இரண்டறை வீட்டுக்கு அதைவிடக் கூடுதல் வாடகை தர நேரிடும். அவர்மேல் குற்றமில்லை. ஆயினும் பழைய ஒப்பந்தத்துக்கும் புதிய ஒப்பந்தத்துக்கும் இடையிலான விலை வேறுபாட்டைச் சுமப்பது நேற்று வந்தவர்.

இந்நிலை இயற்கையாக வந்ததும் அன்று. பொதுநல வீட்டுவசதி நிறுவனங்களுக்கு மேற்கு ஜெர்மனி அளித்துவந்த சிறப்புச் சட்டநிலை 1990இன் தொடக்கத்தோடு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2004இல் பெர்லின் நகர அரசு தன் வீட்டுவசதி நிறுவனமான கேஎஸ்வே நிறுவனத்தை, ஏறத்தாழ 65,000 வீடுகளோடு, தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்றது. 2006இல் டிரெஸ்டன் நகரம் தன் பொது வீடுகள் அனைத்தையும் விற்றது. அதன் விளைவை அனுபவித்த பெர்லின் மக்கள் 2021 செப்டம்பரில், பெரு நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்று ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ‘இது அவர்கள் பண்பாடு’ என்போர் இந்த வாக்கெடுப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அந்நாட்டு மக்களே ஏற்காத ஒன்றைத் தமிழர் மட்டும் பண்பாடென்று தலைவணங்கி ஏற்க வேண்டுமா?

இனி, ஒரு மாணவருக்குப் போதும் என்று ஜெர்மன் அரசு கருதும் தொகையைப் பார்க்கலாம். விசா கோரும் மாணவர், பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ செலுத்திக் காட்ட வேண்டும் என 2024 செப்டம்பர் முதல் விதிக்கப்பட்டது. மாதத்துக்கு 992 யூரோ. இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. உள்நாட்டு மாணவர்க்கான அரசு உதவித்தொகையின் உச்சவரம்பு அது: வாழ்க்கைச் செலவுக்கு 475, காப்பீட்டுக்கு 137, வீட்டு வாடகைக்கு 380. ஆக, 380 யூரோவில் அறை கிடைக்கும் என்பது அரசின் கணிப்பு. மோசஸ் மெண்டல்ஸோன் நிறுவனம் 2024-25 குளிர்காலப் பருவத்துக்குக் கணக்கிட்டதன்படி, பகிர்வு வீட்டில் ஓர் அறையின் சராசரி வாடகை நாடு முழுவதும் 489 யூரோ, மியூனிக்கில் 790. மியூனிக் மாணவரின் 992இல் வாடகைக்கு 790 போனால் எஞ்சுவது 202. காப்பீட்டுக்கு 137 போனால் 65 யூரோ. ஒரு மாதம் முழுவதும் உண்ணவும் உடுக்கவும் அந்த 65 யூரோ. பகுதிநேர வேலைக்குச் சட்டம் ஆண்டுக்கு 140 முழுநாள் அனுமதிக்கிறது. அதை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. படிக்க வந்தவர் கிடங்குகளில் பெட்டி அடுக்குவது ஊக்கமுடைமை என்று புகழப்படுகிறது. அந்த உழைப்பில் எத்தனை மணிநேரம் நேரே வாடகைக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

இதைவிடக் கொடுமையான நுட்பம் ஒன்று உண்டு. முடக்கக் கணக்கு தன் பணத்தை மாதந்தோறும் 992 யூரோவாக மட்டுமே விடுவிக்கும். 500 யூரோ அறைக்கு மூன்று மாத முன்பணம் 1,500 யூரோ. முதல் மாத வாடகையும் சேர்ந்தால் 2,000. சொந்தப் பணம் கணக்கில் கிடக்க, அதைத் தொட இயலாமல், மாணவர் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். ஊரில் தந்தை மேலும் கடன் தேடுகிறார். ஏழரை இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்கும். ஆகவே குடியிருக்கும் வீட்டின் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது. பிள்ளை ஓர் அறையில் தங்குவதற்காகப் பெற்றோரின் வீடு அடமானத்தில்.

இத்தனைக்கும் அந்த முன்பணத்தை ஒரே தவணையில் செலுத்தத் தேவையில்லை. சட்டத் தொகுப்பின் 551ஆம் பிரிவு, முன்பணம் அடிப்படை வாடகையின் மும்மடங்கைத் தாண்டலாகாது என்பதோடு, அதை மூன்று சமமான மாதத் தவணைகளில் செலுத்தும் உரிமையையும் குடியிருப்பவருக்கு வழங்குகிறது. அடிப்படை வாடகை என்பது சூடேற்றும் செலவு முதலியன சேராத தொகை. ‘குளிர் வாடகை’ என்றே ஜெர்மன் மொழி அதை அழைக்கிறது. மற்றவையும் சேர்ந்தால் ‘சூடான வாடகை’. விளம்பரத்தில் குளிரானதைப் பார்த்து மயங்கி, ஒப்பந்தத்தில் சூடானதைக் கண்டு விழிப்போர் பலர். சூடான தொகையின் மும்மடங்கை முன்பணமாகக் கேட்பதும், அதையும் சாவி தரும் முன்பே முழுதாகக் கேட்பதும் சட்டத்துக்கு முரண். சட்டமுறை இன்னதென்று தெரியாத அந்த அவசரத்தில்தான் மோசடிக்காரரும் நுழைகிறார். ‘வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன்’ என்று எழுதும் போலி உரிமையாளர்களிடம் பணத்தை இழப்போர், இந்தியாவில் இருந்தபடியே வீடு தேட வேண்டிய நிலையில் உள்ளவர்கள்.

அடுத்து ஆவணங்கள். இங்கே புதியவர் ஒரு வட்டத்துக்குள் சிக்குகிறார். உரிமையாளர் ஷூஃபா அறிக்கை கேட்கிறார். ஷூஃபா 1927இல் பெர்லினில் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம், தனியார் நிறுவனம். ஜெர்மனியில் கணக்கோ கடனோ வைத்திராதவரைப் பற்றி அதனிடம் எத்தகவலும் இராது. முந்தைய வீட்டில் வாடகை பாக்கியில்லை என்ற சான்று கேட்கப்படுகிறது. அத்தகைய சான்றை வழங்கும் கடமை முந்தைய உரிமையாளருக்குப் பொதுவாக இல்லை என்று ஜெர்மன் கூட்டாட்சி உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2009இலேயே தீர்ப்பளித்துவிட்டது. உள்ளூர்க்காரரே கேட்டுப் பெற உரிமையில்லாத தாளைத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் எங்கே போய்ப் பெறுவார்? கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வேண்டும். அடுத்த மாதம் வேலையில் சேரப்போகிறவரிடம் அதுவும் இராது.

வீடு கிடைத்தபின் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் உறுதிச் சான்று தேவை. ஜெர்மன் எழுத்தில் 24 எழுத்து நீளும் ஒற்றைச் சொல் அது: வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங். மாணவர்கள் இச்சொல்லின் நீளத்தைக் கேலிசெய்து மகிழ்கிறார்கள். கவனிக்கத்தக்கது அதன் நடுவிலுள்ள ‘கேபர்’ என்ற உறுப்பு. கொடுப்பவர் என்பது அதன் பொருள். வேலைக்கு அமர்த்துபவரை ‘வேலை கொடுப்பவர்’ என்னும் மொழி, வாடகைக்கு விடுபவரை ‘வீடு கொடுப்பவர்’ என்கிறது. மாதந்தோறும் பணம் கொடுப்பவர் வேறொருவர். சொல்லில் கொடையாளி ஆகிறவர் உரிமையாளர். தமிழில் வாடகைக்குக் ‘குடிக்கூலி’ என்றொரு பழஞ்சொல் உண்டு. கூலி கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதில் அச்சொல் குழப்பம் விளைவிப்பதில்லை. (சொற்கள் உலகை ஆளுகின்றன என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவது மிகை. ஆனால் சொற்கள் யார் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதைப் பார்ப்பதில் தவறில்லை.)

அந்தச் சான்று இல்லையேல் பதிவு இல்லை. பதிவு இல்லையேல் வரி அடையாள எண் வந்து சேர முகவரி இல்லை. அவ்வெண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் மிகுதியான வரி பிடிக்கப்படும். தங்கும் உரிமத்தைப் புதுப்பிப்பதும் அந்த முகவரியைச் சார்ந்தே நடக்கிறது. ஆகவே ஜெர்மனியில் வீடு என்பது கூரை மட்டுமன்று. சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படும் ஆளாக ஒருவரை ஆக்குவது அதுதான். இதை நன்கறிந்த ஒரு கூட்டம் அந்தக் கூரையைப் பதிவின்றி விற்கிறது. ‘அறை உண்டு, பதிவு இல்லை’ என்று அவர்கள் அறிவிக்கிறார்கள். அதில் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளும் இந்தியர்களும் அடக்கம் என்பதை மறைத்துப் பயனில்லை. உரிமையாளரின் இசைவின்றி மூன்றறை வீட்டை உள்வாடகைக்கு விட்டு, புதிதாக வந்த இளையவர் ஒவ்வொருவரிடமும் வாங்கும் தொகையால் தம் வாடகை முழுவதையும் ஈடுகட்டிக்கொள்ளும் அண்ணன்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பாசம் அங்கே தரகுத்தொகையாகிறது.

‘ஜெர்மன் மொழி கற்றுக்கொள், நல்ல கடிதம் எழுது, வீடு தானாகக் கிடைக்கும்’ என்பது அடுத்த உபதேசம். மொழி கற்பது நல்லது. அதை மறுப்பார் இல்லை. ஆனால் 2017இல் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமும் டெர் ஷ்பீகல் இதழும் ‘ஹன்னாவும் இஸ்மாயிலும்’ என்ற பெயரில் ஓர் ஆய்வை நடத்தின. பத்து பெருநகரங்களில் ஏறத்தாழ 20,000 வாடகை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. எல்லாம் பிழையற்ற ஜெர்மனில் எழுதப்பட்டவை. பெயர்தான் வேறு. ஜெர்மன் பெயருக்கு வீட்டைப் பார்க்க அழைப்பு வந்த இடங்களில், நான்கில் ஓரிடத்தில் அயல்நாட்டுப் பெயர் ஒதுக்கப்பட்டது. அரபுப் பெயரும் துருக்கியப் பெயரும் தாங்கியோர் மிகுதியாக அடிபட்டனர். இலக்கணப் பிழைகளைத் திருத்திவிடலாம். பெயரை எந்த மொழி வகுப்பில் திருத்துவது?

2006இல் வந்த சம நடத்தைச் சட்டம் இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்கிறது. ஆனால் சமய அடிப்படையிலான பாகுபாடு என்று வரும்போது, ஐம்பது வீடுகளுக்கு மேல் வாடகைக்கு விடாத உரிமையாளர் பொதுவாக அதன் பிடிக்கு வெளியே நிற்கிறார். நிலையான குடியிருப்புக் கட்டமைப்பைப் பேணுவதற்காக என்று சொல்லி வேறுபடுத்தவும் 19ஆம் பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் கோரிக்கை எழுப்ப வேண்டும். பதிலே வராத கடிதத்தை வைத்துக்கொண்டு எதை எழுப்புவது?

இவ்விடத்தில் இந்திய வாசகர் தலையசைப்பார். ‘வெள்ளைக்காரர்களின் நிறவெறி’ என்று மனம் ஆறுவார். அந்த ஆறுதலுக்கு அவருக்குத் தகுதியில்லை. இதே பெயர்ச் சோதனையைத் தில்லியிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் சுகதேவ் தோராட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி, 2015இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் வெளியிட்டனர். உயர்சாதி இந்துப் பெயர்களுக்குக் கதவு திறந்தது; தலித் பெயர்களுக்குக் கதவு பாதி மூடியது; முஸ்லிம் பெயர்களுக்கு அதனினும் அதிகமாக மூடியது. சென்னையில் ‘சைவம் மட்டும்’ என்று தொங்கும் பலகைக்கு மரக்கறிப் பற்று மட்டுமே காரணம் என்று நம்புவோர் யாரேனும் உண்டா? அங்கும் காரணம் கேட்டால் வரும் விடை ஒன்றுதான்: எங்கள் பண்பாடு, எங்கள் ஆசாரம். பெர்லினில் பெயரால் மறுக்கப்பட்டபோது துடித்தவர், மயிலாப்பூரிலுள்ள தம் குடும்ப வீட்டை யாருக்கு விடுகிறார் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஸ்டுட்கார்ட்டில் சமையல் மணத்தைக் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமையாளரும், இங்கே மாடிவீட்டில் மீன்குழம்பு மணத்துக்கு ஒப்பந்தத்தை முறிப்பவரும் ஒரே இலக்கணத்தைத்தான் பேசுகிறார்கள்.

‘யாரும் அழைக்கவில்லையே, போகாமல் இருக்கலாமே’ என்பது சிலரின் வாதம். அழைத்தார்கள் என்பதே உண்மை. 2024 அக்டோபரில் தில்லிக்கு வந்த அன்றைய ஜெர்மன் அரசுத்தலைவர் ஓலாஃப் ஷோல்ட்ஸ், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். மாணவர்களைப் பொறுத்தவரை, 2022-23 குளிர்காலப் பருவத்திலேயே இந்தியர் சீனரை முந்தி, ஜெர்மனியில் பயிலும் அயல்நாட்டினருள் மிகப்பெரிய குழுவாகிவிட்டனர். அதே ஷோல்ட்ஸின் கூட்டணி அரசு 2021இல் ஆண்டுக்கு 4,00,000 வீடுகள் கட்டப்போவதாக உறுதியளித்திருந்தது. 2024இல் கட்டிமுடிக்கப்பட்டவை ஏறத்தாழ 2,52,000. அரசு சார்ந்த மாணவர் விடுதிகளில் இடம் பெறுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கைகளை அழைத்தார்கள், அந்தக் கைகளுக்குரிய உடல் எங்கே படுத்துறங்கும் என்று எண்ணவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையின் முதன்மைக் குற்றச்சாட்டு ஜெர்மன் அரசின்மேல் அன்று. தமிழ்நாட்டின் ஒவ்வொரு நகரத்திலும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பலகை வைத்திருக்கும் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனங்கள்மேல்தான். ‘ஜெர்மனியில் கல்விக் கட்டணம் இல்லை’ என்ற வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள்; அது பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மெய்யே. கட்டணத்தில் மிச்சமானது வாடகையில் போகும் என்ற வரி எந்த எழுத்திலும் இல்லை. இவர்களுக்குத் துணையாக நிற்பது சாதனைக் காணொளிகள். வீடு கிடைத்தவர் மட்டுமே அங்கே பேசுகிறார். மூன்று மாதம் நண்பனின் தரையில் படுத்தவர், பதிவில்லாமல் ஆறு மாதம் அஞ்சியவர், முன்பணத்தை மோசடிக்காரரிடம் இழந்து வீட்டில் சொல்லாமல் மறைத்தவர், இவர்கள் யாரும் காணொளி எடுப்பதில்லை. ஆகவே கிடைக்காதது தன் குறை என்று நம்பியே ஒவ்வொரு புதியவரும் தன் கடிதத்தை மீண்டும் திருத்தி எழுதுகிறார். புன்னகைக்கும் புகைப்படத்தை மாற்றுகிறார்.

மேலும் ஒரு மறதி இதில் சேர்ந்திருக்கிறது. 1980களில் ஏதிலிகளாக ஜெர்மனி வந்த ஈழத் தமிழர்கள், புகலிடம் கோருவோர் ஒதுக்கப்பட்ட பகுதியை விட்டு வெளியேறலாகாது என்ற 1982ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ், முகாம் அறைகளில் வாழ்ந்து, பின்னர் நகரங்களில் வீடு தேடி, ஒப்பந்தம் படித்து, வழக்காடி நிலைபெற்றவர்கள். வாடகைச் சட்டத்தைத் தமிழில் விளக்கக்கூடியவர்கள் அம்மக்களிடையே இருக்கிறார்கள். மென்பொருள் விசாவில் வந்திறங்குவோர் அவர்களைக் கடைக்காரராகவும் கோவில் நிர்வாகியாகவும் மட்டுமே சந்திக்கிறார்கள். அகதியின் அனுபவம் தமக்குத் தேவையற்றது என்ற மெல்லிய செருக்கு அதில் இல்லையென்று சொல்ல முடியாது.

அந்நாட்டு நகரங்கள் பெரும்பாலானவற்றில் குடியிருப்போர் சங்கங்கள் இயங்குகின்றன. ஆண்டுச் சந்தா செலுத்தினால் ஒப்பந்தத்தைப் படித்துச் சட்ட ஆலோசனை தருகிறார்கள். தரகரை அமர்த்தியவரே தரகு கொடுக்க வேண்டும் என்ற விதி 2015 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது என்பதை அங்கே சொல்வார்கள். வண்ணம் பூசாத வீட்டை ஏற்றவர், ஈடு ஏதும் பெறாத நிலையில், வண்ணம் பூசிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்று அதே ஆண்டு மார்ச்சில் உச்ச உரிமையியல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொல்வார்கள். பொங்கலுக்கு அரங்கம் பிடிக்கும் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கலாம். பட்டிமன்றத்தைக் காட்டிலும் கூட்டம் வரும்.

ஜெர்மானியக் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கான சேர்க்கை விளம்பரங்கள் ஏப்ரலிலேயே தமிழ் நாளிதழ்களில் வரத் தொடங்கும். அவற்றில் பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் கீழே அந்நகரத்தின் அறை வாடகையையும், முன்பணத்தையும், முடக்கக் கணக்கு மாதத்துக்கு எவ்வளவு விடுவிக்கும் என்பதையும் மூன்று எண்களாக அச்சிடும்படி பெற்றோர் கேட்க வேண்டும். அச்சிட மறுக்கும் நிறுவனத்தில் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடலாம். வீட்டுப் பத்திரம் அப்போது இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கும்.